பயிற்சியாளர் அழைத்துவிட்டார், கட்டுரையில் என்ன எழுதுவது?

அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் சேரப் பயிற்சியாளரே அழைத்திருந்தாலும், விண்ணப்பக் கட்டுரையை மாணவர் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பொருள் தேடுபவர்களின் கேள்விகளுக்குச் சேர்க்கை ஆலோசகர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே நீச்சல்தான் எல்லாம். வேறு எதைப் பற்றி அவள் எழுத முடியும்? (ஒரு தாய், நியூஜெர்சி)

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள் அம்மா. செயல்பாடுகளுக்கான பத்து இடங்களில் முதலாவது நீச்சலாகவே இருக்கும். விருதுகளிலும் நீச்சல். அவள் எத்தனை விநாடியில் நீந்துகிறாள் என்பது பயிற்சியாளருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கட்டுரைக்குக் கிடைக்கும் 650 சொற்களையும் அதற்கே கொடுத்தால், படிப்பவருக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?

நீச்சலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதக்கப் பட்டியலில் ஏறாத நீச்சல் என்றால் எழுதலாம். தண்ணீரைக் கண்டு அழும் ஒரு குழந்தையை அவள் எப்படிக் குளத்தில் இறக்கினாள் என்பது நல்ல பொருள். இன்னொரு வழியும் உண்டு. பயிற்சிக்குக் காரில் போகும்போது எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள்? விண்மீன்களா, பாட்டியின் ஊரா, பழைய ரயில்களா? பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. பெற்றோர் அதைக் காதில் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆட வந்தேன். எழுதலாமா சார்? (ஸ்குவாஷ் மாணவர், சென்னை)

தடையையும் தோல்வியையும் பற்றிக் காமன் ஆப்பே ஒரு கேள்வி வைத்திருப்பதால், காயம்பட்ட வீரர்கள் அனைவரும் அங்கே ஓடுகிறார்கள். காயம், கண்ணீர், பயிற்சி, வெற்றி என்ற வரிசையைப் படித்துப் படித்துச் சேர்க்கை அலுவலர்கள் சலித்துவிட்டார்கள் தம்பி. உன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்துமானால் அந்தக் கட்டுரை வேண்டாம். ஆட முடியாத மாதங்களில் உனக்கு வேறு ஏதாவது பிடித்துப்போயிருந்தால் அதை எழுது. காயத்தால் மதிப்பெண் குறைந்திருந்தால், கூடுதல் தகவல் பகுதியில் நான்கு வரியில் சொல்லிவிடு. அங்கே உருக்கம் தேவையில்லை.

கட்டுரை வெறும் சம்பிரதாயம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா? (ஒரு தந்தை, டெக்சாஸ்)

பயிற்சியாளர் பரிந்துரைப்பார். இடம் கொடுப்பது சேர்க்கை அலுவலகம். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு வீரருக்கு அக்டோபர் தொடங்கி அனுப்பக்கூடிய 'லைக்லி லெட்டர்' (இடம் பெரும்பாலும் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கடிதம்) கூட அந்த அலுவலகத்திலிருந்தே வருகிறது. விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் அந்தக் கல்லூரிகளில் கிடையாது. எம்.ஐ.டி.யில் பயிற்சியாளரின் ஆதரவு உதவும், ஆனால் இடத்துக்கு உறுதி தராது. வாய்மொழி வாக்கை நம்பி ஒரே இரவில் எழுதித் தள்ளாதீர்கள்.

என்னை அழைத்த அணியைப் பாராட்டி எழுதலாமா? (டென்னிஸ் மாணவி, கலிஃபோர்னியா)

காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரையில் வேண்டாம். நீ விண்ணப்பிக்கும் மற்ற கல்லூரிகளும் அதையேதான் படிக்கும். அந்தக் கல்லூரி தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரையில் எழுது.

பயிற்சி, படிப்பு, தூக்கம் தவிர என் வாழ்க்கையில் எதுவுமே இல்லை. (கால்பந்து மாணவர், வர்ஜீனியா)

ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்: வருங்கால அறைத்தோழருக்கு ஒரு கடிதம், அதிகம் போனால் 250 சொற்கள். பந்து என்ற சொல்லே வராமல் எழுதிப் பார். அதில் எந்த வரியை எழுதும்போது உனக்கே சிரிப்பு வருகிறதோ, அதை எடுத்துத் தனியாக விரித்து எழுது.