படி மாறினால் விளைச்சல் தெரியுமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி நூறு சதவீதத்தை நெருங்குகிறது; ஆனால் எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு மூன்றிலக்க எண்ணை வகுக்கத் தெரியவில்லை. பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் தலைமுறைதோறும் தேய்கின்றனவா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தேர்ச்சி சதவீதம் இதற்கு விடை சொல்லாது. கேரளத்தில் 2023-இல் 99.70, 2024-இல் 99.69 என்று வந்த எண்கள், மாணவர் உயர்ந்தனரா, தேர்வு எளிதாயிற்றா என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை. நெல் அளக்கும் படியை ஆண்டுதோறும் மாற்றினால் விளைச்சல் கூடியதா என்று உங்கள் ஊரில் யாரால் சொல்ல முடியும்?

ஒரே படியால் அரை நூற்றாண்டாக அளந்துவரும் நாடு அமெரிக்கா. அங்கே 13 வயதினரின் கணக்குச் சராசரி, 500 புள்ளி அளவுகோலில், 1973-இல் 266 ஆக இருந்து 2012-இல் 285 வரை ஏறி, 2020-இல் 280, 2023-இல் 271 என இறங்கியது. வாசிப்போ 1971-இல் 255. இடையில் 263 வரை சென்று, 2023-இல் 256-க்குத் திரும்பிவிட்டது. பழியைக் கொரோனாவின் மீது மட்டும் போட முடியாது. 2020 அளவீட்டில் இவ்வயதினருக்கான தேர்வு பள்ளிகள் மூடப்படும் முன்பே, 2019 இறுதியில், முடிந்திருந்தது. அந்த இறக்கத்திலும் கடைநிலை மாணவர்களே அதிகம் சரிந்தனர். 17 வயதினரின் கணக்கு மட்டும் 1973-இல் 304, 2012-இல் 306 என்று ஏறக்குறைய அசையாமல் நின்றது. முன்பு இடையில் நின்றிருக்கக்கூடிய பிள்ளைகளும் இன்று வகுப்பில் இருப்பதே காரணம் என்பார் உண்டு; அது ஓரளவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த விளக்கம் உங்கள் நினைவுக்கு நன்றாகவே பொருந்தும். நீங்கள் பணியில் சேர்ந்த காலத்தில், வகுக்கத் தெரியாத பையன் பத்தாம் வகுப்புக்கு வராமலே வயலுக்கோ செங்கற்சூளைக்கோ போயிருப்பான். இன்று அவன் உங்கள் கண்ணில் படுகிறான்.

நம் நாட்டில் அத்தனை பழைய அளவுகோல் இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் ஏசர் ஆய்வு ஊரகப் பகுதிகளின் 14 முதல் 18 வயதினரை 2017-இலும் 2023-இலும் சோதித்தது. இரு முறையும் ஏறத்தாழக் கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் சரியாக வகுத்தவர் 43 சதவீதம் அளவே. இதைத் தேய்வு என்று சொல்வதற்கில்லை. தேக்கம் என்பதே சரி, எனக்கு அதுவே கூடுதல் கவலை. சில மாவட்டங்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு என்பதால் பாலக்காட்டுக்கு இதை அப்படியே பொருத்திவிடவும் கூடாது.

உங்களிடம் பழைய வகுப்புத் தேர்வுத்தாள்கள் இருந்தால், அதே கணக்குகளை இன்றைய பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். வாசிப்பைச் சோதிக்கும்போது தமிழ்ப் பத்தியையே கொடுங்கள். இல்லையெனில் மலையாளத்தில் தடுமாறுபவனும் வாசிக்கத் தெரியாதவன் கணக்கில் சேர்ந்துவிடுவான்.