மகளுக்கு நின்டெண்டோ ஆசை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ மாதிரி ஒரு நிறுவனத்தில் கேம் உருவாக்குவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், மூன்று வருட கேம் டிசைன் படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் வரலாற்றை ஒரு கோணத்தில் மட்டும் பாருங்கள்: யார் என்ன படித்துவிட்டு உள்ளே போனார்கள்?

1889-ல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமாவுச்சி தொடங்கியது சீட்டுக்கட்டுத் தொழில். ஹனாஃபுதா என்ற பூப்படச் சீட்டுகள். கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமாவுச்சி 1949-ல் பொறுப்பேற்ற பிறகு டாக்சி, உடனடிச் சோறு என்று எதை எதையோ முயன்றார், ஒன்றும் நிலைக்கவில்லை. 1965-ல் குன்பெய் யோகோய் வேலைக்கு வந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். கொடுத்த வேலை, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. ஓய்வு நேரத்தில் விளையாட்டாக நீண்டு சுருங்கும் ஒரு கை செய்து வைத்திருந்தார். யமாவுச்சி அதைப் பார்த்து விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அதே யோகோயின் குழுதான் 1989-ல் கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவியைச் செய்தது. பழகிப்போய் விலை இறங்கிய தொழில்நுட்பத்துக்குப் புதுப் பயன் கண்டுபிடி என்பது அவர் கொள்கை. நிறமே இல்லாத திரை, நான்கு சாம்பல்-பச்சைச் சாயல்கள், நான்கு பென்சில் பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். போட்டியாக வந்த சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் மின்னியது. ஆனால் ஆறு பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து ஏறக்குறைய 11.87 கோடி விற்றன. பேட்டரிக் கணக்குப் போடத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் மூளைதான் அங்கே ஜெயித்தது.

மற்றவர்களும் இப்படித்தான். ஃபாமிகாம் என்ற வீட்டு கேம் கருவியை வடிவமைத்த மசாயுகி உஎமுரா, ஷார்ப் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர். மாரியோவைத் தந்த ஷிகெரு மியாமோட்டோ, கனசாவாவில் தொழில்துறை வடிவமைப்பு படித்தவர். மாரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ ஒசாகா கலைப் பல்கலைக்கழக மாணவர். ‘அப்போது கேம் படிப்பே கிடையாதே’ என்பீர்கள். சரிதான். ஆனால் இன்றும் நின்டெண்டோ ஜப்பானில் புதுப் பட்டதாரிகளை எடுக்கும்போது அறிவியல்-பொறியியல், வடிவமைப்பு, ஒலி, தயாரிப்புத் திட்டமிடல், அலுவலகப் பணி என்று பிரித்துத்தான் எடுக்கிறது. ஏதாவது ஒரு துறையில் ஆழம் வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகும் படிப்புகள் சறுக்குவது இங்கேதான்.

உங்கள் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படித்துவிட்டு ஹால் லேபரட்டரி என்ற சின்னஞ்சிறு கேம் கம்பெனியில் சேர்ந்தபோது, அப்பா ஆறு மாதம் பேசவில்லையாம். அப்பா பயந்தது பாதி பலிக்கவும் செய்தது: பத்து வருடத்தில் ஹால் திவாலாகும் நிலைக்கு வந்தது. 1993-ல், 33 வயதில், இவாட்டா அதற்குத் தலைவராகிக் கடனை அடைத்தார். சிக்கிக் கிடந்த ‘மதர் 2’ கேமை அவர் மீட்ட கதையும் பிரபலம்: இருக்கும் நிரலைத் திருத்தினால் இரண்டு வருடம், புதிதாக எழுதினால் ஆறு மாதம் என்றார். அப்படித் துணிந்து சொல்ல அடிப்படை நிரலாக்கம் கையில் இருக்க வேண்டும். கம்பெனி போனாலும் அது போகாது.

ஆகவே, கணக்கு வருமென்றால் கணினி அறிவியல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ். நேரியல் இயற்கணிதம், தரவுக் கட்டமைப்பு, சி பிளஸ் பிளஸ் மூன்றையும் விடக்கூடாது. வரைகிற கை என்றால் வடிவமைப்பு அல்லது நுண்கலை. கேம் டிசைன் படிப்புதான் வேண்டுமென்றால் கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடத்திட்டத்தில் கணக்கு எத்தனை தாள்? போன வருட மாணவர்கள் முடித்த கேமை இப்போதே விளையாடக் கொடுக்க முடியுமா? டிரெய்லர் மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

ஜப்பான்தான் குறி என்றால் மொழியை முதலாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். கியோட்டோ தலைமையகத்தின் பட்டதாரித் தேர்வு ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வான ஜேஎல்பிடியில் குறைந்தது என்-2 நிலை (ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) இல்லாமல் நேர்காணலில் வாய் திறக்க முடியாது. ஜேஎல்பிடி தேர்வு ஜூலை, டிசம்பரில் நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். அங்கே வேலையில் சேரும் மாதம் ஏப்ரல். ஆள் எடுக்கும் வேலை அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடும். கடைசி செமஸ்டரில் விழித்துக்கொண்டால் வண்டி போயிருக்கும்.

பட்டத்தைவிட முக்கியமானது, முடித்த கேம்கள். பிள்ளைகள் பெரும்பாலும் பரந்த முப்பரிமாண உலகத்தில் தொடங்கி மூன்றாவது மாதத்தில் கைவிடுகிறார்கள். காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது! இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தை நிறம் மாற்றிப் போட்டார்கள்.

இந்த விடுமுறையில் மகளை அந்த அளவுக்குள் ஒரே ஒரு திரை செய்யச் சொல்லுங்கள்: 256-க்கு 240 புள்ளிகள் (பிக்சல்), நகரும் உருவம் ஒன்றுக்கு மூன்று நிறம், ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் கூடாது. மாரியோ ஓடிய ஃபாமிகாமில் அதைத் தாண்டினால் மிச்சம் திரையில் வராது. ஒரு மாதம் போதும். முடித்ததும் கேமே விளையாடாத ஒருவரிடம், நீங்களே கூடச் சரி, கொடுத்துவிட்டு அவள் வாயே திறக்கக்கூடாது. மாரியோவின் முதல் கட்டத்தில் எதிரி முதலில் வருகிறான், பிறகு மாரியோவைப் பெரிதாக்கும் காளான், குழாயில் மோதித் திரும்பி நம்மீதே வருகிறது; எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல் எது கெட்டது, எது நல்லது என்று புரிந்துவிடும். நீங்கள் எந்த இடத்தில் திணறினீர்கள் என்பதை அவள் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் திருத்தி, மறுபடி வேறொருவரிடம் கொடுக்கட்டும். இதை மூன்று முறை சலிக்காமல் செய்தாள் என்றால் விண்ணப்பம் எந்தப் பிரிவுக்கு என்று அடுத்து பேசுவோம்.