மெரிட் ஸ்காலர்ஷிப்: மூன்றாம் பக்கத்தைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ஸ்காலர்ஷிப் பற்றியவை. பலர் எந்த போர்டு, எந்த குரூப், வீட்டு வருமானம் எவ்வளவு என்பதை எழுதவே இல்லை. அது இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. முழு விவரம் தந்தவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் 82 சதவீதம். மத்திய அரசின் ஸ்காலர்ஷிப்புக்கு 80 போதும் என்கிறார்கள். கிடைத்துவிடும் அல்லவா? (தேனி)

உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் திட்டத்தில் 80 என்று இருப்பது பர்சென்டேஜ் இல்லை, பர்சென்டைல். உங்கள் மகளின் போர்டில், அவர் குரூப்பில் எழுதிய நூறு பேரில் எண்பது பேருக்கு மேலே நிற்க வேண்டும் என்று பொருள். மதிப்பெண் தாராளமாக விழுந்த ஆண்டில் 82 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகலாம், கடினமான ஆண்டில் 75 கூட மேலே வரலாம். அந்த ஆண்டுக்கான கட்-ஆஃப் வெளிவரும், அதைப் பாருங்கள்.

நாடு முழுக்க ஆண்டுக்கு 82 ஆயிரம் பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள். பாதி பெண்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலையில் முதல் மூன்று வருடம் 12 ஆயிரம் வீதம், பி.இ. என்றால் நான்காம் வருடம் 20 ஆயிரம். ஆக, பி.இ. முடிப்பதற்குள் 56 ஆயிரம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: வேறு உதவித்தொகையோ அரசின் கட்டண விலக்கோ வாங்குபவர்களுக்கு இது கிடையாது. முதல் பட்டதாரி சலுகையில் சேரப் போகிறார் என்றால் இரண்டில் எது பெரிய தொகை என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நான் போர்டில் முதல் ஒரு சதவீதத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தால் இன்ஸ்பையர் கிடைக்குமா? (கோவில்பட்டி)

கிடைக்காது. இன்ஸ்பையர் என்ற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் அடிப்படை அறிவியலுக்கானது. இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்கள்தான் பட்டியலில் உண்டு. பொறியியல், மருத்துவமும் கிடையாது. இயற்பியல் எடுத்தால் ஆண்டுக்கு 80 ஆயிரம், அதில் 20 ஆயிரம் கோடையில் ஒரு வழிகாட்டியின் கீழ் செய்யும் ப்ராஜெக்ட்டுக்கு. வருமான வரம்பு இல்லை. பணத்துக்காகப் பாடத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் கணிதமா கம்ப்யூட்டர் சயின்ஸா என்று உண்மையிலேயே இரண்டு மனதாக இருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரு பல்கலைக்கழகம் என் மகனுக்கு 50 சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்று நாளில் 50 ஆயிரம் கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்கிறார்கள். கவுன்சலிங் வரை காத்திருக்க வேண்டுமா? (திருவண்ணாமலை)

காத்திருங்கள். இதை நான் ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன், இந்த ஆண்டும் எழுதுகிறேன்.

இதே போன்ற கடிதத்தோடு போன வருடம் ஒரு அப்பா என் வீட்டுக்கு வந்தார். பளபளவென்று கெட்டித்தாள், பிளாஸ்டிக் உறை, முதல் பக்கத்தில் தங்க எழுத்தில் 50 சதவீதம். மூன்றாம் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். 50 சதவீதம் என்பது கல்விக் கட்டணத்தில் மட்டும். முதல் ஆண்டுக்கு மட்டும் உறுதி. இரண்டாம் ஆண்டு முதல் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு செமஸ்டரிலும் சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 9-க்குக் குறையக் கூடாது, ஒரு அரியரும் கூடாது. ஒரு முறை போனால் திரும்ப வராது.

கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். கல்விக் கட்டணம் 2.4 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1.4 லட்சம், மற்றவை 40 ஆயிரம், ஆக வருடத்துக்கு 4.2 லட்சம். நான்கு வருடத்துக்கு 16.8 லட்சம். அவர் மனதில் இருந்த கணக்கு அதில் பாதி, 8.4 லட்சம். பையன் நான்கு வருடமும் 9-க்கு மேலேயே எடுத்தால் 12 லட்சம். முதல் வருடத்தோடு போய்விட்டால் 15.6 லட்சம். அந்தக் கடைசி எண்ணுக்கு அடியில் அவரே ஒரு கோடு போட்டார். பென்சில் முனை உடைந்தது.

9 எடுப்பது பையன் கையில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். பாதிதான் அவன் கையில். இது மாதிரி இடங்கள் பலவற்றில் வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறார்கள். உங்கள் மகன் பள்ளியில் முதல் மாணவன், சரி. அங்கே பக்கத்தில் உட்காரும் பையனும் அவன் பள்ளியில் முதல் மாணவன், அவன் கையிலும் இதே கடிதம். எல்லோருக்கும் 9 வராது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடக்கும் ப்ரோக்ராமிங் வகுப்பில் கொஞ்சம் திணறி 8.4 எடுத்தால் அது நல்ல மதிப்பெண். ஆனால் ஸ்காலர்ஷிப் போய்விடும், அதற்குள் கவுன்சலிங்கும் முடிந்திருக்கும். இப்படிப் போனதை வீட்டில் சொல்ல பயந்து மறைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு கோபம்.

இதை ஸ்காலர்ஷிப் என்பதே எனக்கு ஒப்பவில்லை. விலையை அவர்களே வைத்து அவர்களே குறைத்தால் அதன் பெயர் தள்ளுபடி. தள்ளுபடி வாங்குவது தவறில்லை. கழித்த பிறகு கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். கவுன்சலிங் வழியே அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் தனியார் கல்லூரியானாலும் அரசு அமைத்த குழு நிர்ணயித்த கட்டணம்தான். அந்தத் தொகையை இந்த 'பாதிக் கட்டணத்தின்' பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அதற்கு மேலும் அந்த இடத்தில்தான் விருப்பம் என்றால், ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தக் கட்டணத்தில் கழிவு, எத்தனை வருடம், நிபந்தனை செமஸ்டருக்கா ஆண்டுக்கா, இழந்தால் மீண்டும் பெற வழி உண்டா, கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா என்று கேளுங்கள். போனில் சொல்வதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது.

என் பையன் நல்ல மார்க். ஏதாவது ஸ்காலர்ஷிப் இருந்தால் சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எத்தனை மார்க், எந்தப் படிப்பு, என்ன வருமானம்? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போன வருடம் விண்ணப்பித்தேன். தகுதி இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. சிபாரிசு வேண்டுமா? (நாகர்கோவில்)

வேண்டாம். உங்களுடைய போர்ட்டல் பக்கத்தைத் திறந்து விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். இப்படி வரும் புகார்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று, கல்லூரி நோடல் அதிகாரி சரிபார்க்காமல் விட்டது. கடைசித் தேதிக்குள் அவர் ஒப்புதல் தராவிட்டால் 98 சதவீதம் எடுத்திருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். போர்ட்டலில் சமர்ப்பித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரின்ட் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நேரில் போய் நில்லுங்கள். இரண்டு, வங்கிக் கணக்கு. கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் சீடிங் (அரசுப் பணம் ஆதார் எண் வழியே அந்தக் கணக்குக்கு வரும்படி இணைப்பது) ஆகியிருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, சீடிங் வேறு. பாஸ்புக்கோடு போய் இந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

பேத்திக்கு ஐஐடியில் இடம் கிடைத்திருக்கிறது. மகனின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம். மெரிட்டில் கட்டணம் குறைப்பார்களா? (கும்பகோணம்)

பேத்திக்கு வாழ்த்துகள். அங்கே கட்டணம் குறைவது ரேங்க்கைப் பார்த்து இல்லை ஐயா, வருமானத்தைப் பார்த்து. 2016-இல் பி.டெக். கல்விக் கட்டணத்தை 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியபோது கூடவே விலக்கும் கொடுத்தார்கள். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவானால் கல்விக் கட்டணம் முழுதும் இல்லை. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு கட்ட வேண்டாம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. உங்கள் கணக்குப்படி வருடத்துக்கு 67 ஆயிரம் போலக் கட்ட வேண்டி வரும், ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சேரும் நாளில் அது கையில் இல்லாமல் முழுக் கட்டணத்துக்குக் கடன் தேடி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்க எத்தனை சதவீதம் வேண்டும்? (சென்னை)

அங்கே இளநிலைப் படிப்புக்கு மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது. யேல், பிரின்ஸ்டன், எம்ஐடியிலும் இல்லை. இடம் கிடைத்துவிட்டால் குடும்ப நிலைமையைப் பார்த்து உதவுவார்கள், அது வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. மெரிட்டுக்குக் கழிவு தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வேறு பல இருக்கின்றன. அங்கேயும் முழுக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சம், எத்தனை வருடம் என்ற அதே கேள்விதான்.

பி.இ. முதலாண்டு சேரும் மகள்கள் இரண்டு பேர், இரட்டையர். வருமானம் 6 லட்சம். (திண்டுக்கல்)

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) பெண்களுக்காக நடத்தும் பிரகதி திட்டத்தைப் பாருங்கள். வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை, ஆளுக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம். கல்லூரி ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இடங்கள் குறைவு, மதிப்பெண் வரிசையில்தான் தருவார்கள். ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை ஸ்காலர்ஷிப்புக்கும் போடலாம். படிப்பு முழுவதற்கும் 2 லட்சம் வரை தருகிறார்கள். அதற்கு ஆப்டிட்யூட் தேர்வு கட்டாயம், படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டுத் தேர்வை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, இரண்டிலும் ஆதார் சீடிங்.

ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகிவிட்டது, 2,500 ரூபாய் ப்ராசஸிங் கட்டணம் அனுப்புங்கள் என்று போன் வந்தது. அனுப்பலாமா? (ஈரோடு)

அனுப்பாதீர்கள். ஓடிபியும் சொல்லாதீர்கள். உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் பேசிப் புகார் கொடுங்கள்.