கடைமடையில் ஒரு கடல்: வாசகர் கேள்வி பதில்

மத்திய ஆசியாவின் வற்றும் ஏரிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை ஆரல் கடல் பற்றியவை. பெயருக்குத்தான் கடல்; கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் உள்ள உப்பு ஏரி அது.

கேள்வி: ஆரல் கடலுக்கு நீர் தரும் இரண்டு ஆறுகளும் இன்றும் ஓடுகின்றன. அப்புறம் கடல் மட்டும் எப்படிக் காய்ந்தது?

ஆறு ஓடுகிறது, கடைமடைக்கு வந்து சேரவில்லை. ஆமு தர்யாவும் சிர் தர்யாவும் பாமிர், தியென் ஷான் மலைகளிலிருந்து கொண்டுவரும் நீர், சராசரியாக ஆண்டுக்கு 110 கன கிலோமீட்டர் அளவில் இருக்கும். 1960 வாக்கில் அதில் ஏறக்குறைய பாதி, சுமார் 56 கன கி.மீ., கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மழையால் இன்னொரு 9.

செலவுக் கணக்கு இதைவிட எளிது. ஆயிரம் சதுர கி.மீ. பரப்பில் ஒரு மீட்டர் உயர நீர் ஆவியானால் அது ஒரு கன கி.மீ. அன்றைய கடலின் பரப்பு சுமார் 68,000 ச.கி.மீ. அந்தப் பாலைவெளியில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் போல ஆவியாகும். அதாவது 66 முதல் 68 கன கி.மீ. வரவும் செலவும் சரிக்குச் சரி. இந்தக் கடலிலிருந்து வெளியே போக ஆறு கிடையாது; வானம்தான் ஒரே வாசல்.

சோவியத் அரசு பருத்திக்காகத் தலைமடையிலும் நடுமடையிலும் வாய்க்கால் வெட்டியபோது குறைந்தது வரவு மட்டும்தான். 1954இல் தொடங்கிய கரகும் கால்வாய் 1,300 கி.மீ.க்கு மேல் நீளம், பெரும்பகுதி மணலில் வெறும் மண் கரையோடு போகிறது. பயிருக்குப் போனதும் போனது, மணல் குடித்ததும் போனது. 1980களில் சில ஆண்டுகள் ஆமு தர்யாவின் ஒரு சொட்டுகூடக் கடலைத் தொடவில்லை.

கேள்வி: ஏரி சுருங்கினால் பரப்பு குறையும், ஆவியாவதும் குறையும். அப்படியானால் ஏதோ ஒரு கட்டத்தில் தானாகவே நின்றிருக்க வேண்டாமா?

அருமையான கேள்வி. நிற்கத்தான் செய்யும். வரும் நீருக்கு எவ்வளவு பரப்பு தாங்குமோ அந்த அளவுக்கு ஏரி சுருங்கி நிற்கும். சிக்கல் இரண்டு. வரவே இல்லாதபோது தாங்கக்கூடிய பரப்பும் இல்லை. அடுத்தது ஏரியின் வடிவம். ஆரலின் கிழக்குப் பகுதி தாம்பாளத் தட்டு மாதிரி. மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கரை பல கி.மீ. பின்வாங்கும். அந்தத் தட்டில் கொஞ்சம் நீர் வந்தாலும் அகலமாகப் பரவி அடுத்த கோடைக்குள் காய்ந்துவிடும். 2014இல் கிழக்குப் பள்ளம் முழுதாகக் காய்ந்தது. மேற்குப் பகுதி ஒடுங்கிய ஆழமான பள்ளம், அதனால்தான் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: வட ஆரலைக் காப்பாற்றிவிட்டார்கள் என்கிறார்களே. தென் ஆரலுக்கும் அதையே செய்தால் என்ன?

1980களின் கடைசியில் கடல் இரண்டாகப் பிரிந்தது. சிர் தர்யா வடக்குத் துண்டுக்கு, ஆமு தர்யா தெற்குத் துண்டுக்கு என்றாயிற்று. வடக்கில் நீர் கொஞ்சம் கூடியதும் பெர்க் ஜலசந்தி வழியாகத் தெற்கே வழிந்து, வெந்த மணலில் பரவி வீணானது. 1990களில் உள்ளூர் மக்கள் மணலைக் குவித்து அங்கே கரை போட்டார்கள். மட்டம் ஏறியது, மீன் வந்தது, கரை உடைந்தது, மறுபடி போட்டார்கள். 1999இல் புயல் அலை அதை ஒரேயடியாக அடித்துக்கொண்டு போனது. தோற்றது யோசனை அல்ல, கட்டுமானம். கல் பாவாத மணல் சரிவு அலையைத் தாங்காது. உபரி நீரை இறக்கிவிட மதகும் சரியாக இல்லை.

உலக வங்கிக் கடனோடு கஜகஸ்தான் 2005இல் முடித்த கோக்-ஆரல் அணை சுமார் 13 கி.மீ. நீளம். மண் கரைதான், ஆனால் கான்கிரீட் மதகுகள் உண்டு. ஏரியின் மட்டத்தைப் பெருங்கடல் மட்டத்துக்கு மேல் 42 மீட்டரில் நிறுத்த வேண்டும் என்பது திட்டம். நிரம்பப் பல ஆண்டு ஆகும் என்று நினைத்தது அடுத்த ஆண்டே நிரம்பியது. காரணம், மேலே சொன்ன அதே கணக்கு. வட ஆரலின் பரப்பு 3,300 ச.கி.மீ. அளவுதான், மழையைக் கழித்தால் ஆண்டுக்கு 3 கன கி.மீ. கிடைத்தாலே தாக்குப் பிடிக்கும். சிர் தர்யா அதைத் தருகிறது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் ஆற்று முகத்திலிருந்து திரும்பி வந்தன.

தென் ஆரலின் தட்டை நிரப்ப இதுபோலப் பல மடங்கு வேண்டும். இருக்கிற நீருக்கு ஏற்ப ஏரியின் அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் செய்யக்கூடிய வேலை. பழைய வரைபடத்தை மீட்கிறோம் என்று யார் சொன்னாலும், “ஆண்டுக்கு எத்தனை கன கி.மீ., எந்த வாய்க்காலை அடைத்து?” என்று கேளுங்கள்.

கேள்வி: கடல் உப்பு கனமானது. அது எப்படிப் புழுதியாகப் பறக்கிறது?

எல்லா உப்பும் ஒரே மாதிரி இல்லை. பெருங்கடலில் சோடியம் குளோரைடுதான் ராஜா; அது காய்ந்தால் கெட்டியான பொருக்கு. ஆரல் நீரில் சல்பேட்டின் பங்கு அதிகம். நீர் வற்றி அடர்ந்தபின் குளிர்காலத்தில் மிராபிலைட் என்ற சோடியம் சல்பேட் உப்பு, கண்ணாடி போன்ற ஊசிகளாகப் படியும். அதன் எடையில் பாதிக்கு மேல், 56 சதவீதம், நீர். உலர்ந்த காற்று பட்டதும் அந்த நீர் பிரிந்துபோக, ஊசி உதிர்ந்து மாவாகிவிடும். நடந்தால் கால் புதையும் வெள்ளை மாவு. காற்று எடுத்துப்போவது இதைத்தான்.

அதோடு ஆறு கொண்டுவந்த வண்டலும் உண்டு. பருத்தி வயலில் அடித்த டிடிடி போன்ற பூச்சிமருந்துகள் நீரில் அவ்வளவாகக் கரையாது, மண் துகளில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். அந்த வண்டல் படிந்த தரைதான் இப்போது ஆரல்கும் என்ற புதுப் பாலைவனம்.

கேள்வி: வயலுக்கு விட்ட நீரில் மிச்சம் வடிகாலில் திரும்பி வருமே, அதை ஏரிக்கு விடலாமே?

வரும், சும்மா வராது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள ஆற்று நீரை ஒரு ஹெக்டேருக்கு 10,000 கன மீட்டர் பாய்ச்சினால், அந்த நிலத்தில் 10 டன் உப்பு இறங்குகிறது. பயிர் நீரைக் குடிக்கும், உப்பைத் தொடாது. வடிகால் சரியில்லாத இடத்தில் நிலத்தடி நீர் ஓரிரு மீட்டருக்குள் ஏறி, மண்ணின் நுண்துளை வழியே மேலே வந்து காய்ந்து, நிலம் உப்புப் பூக்கும். களராகிவிடாமல் இருக்க விதைப்புக்கு முன் வயலை வெள்ளமாக நிரப்பி உப்பைக் கழுவுகிறார்கள். அந்தக் கழுவுநீர்தான் வடிகாலில் போகிறது.

அதில் ஒரு பகுதி ஆற்றிலேயே மறுபடி சேர்ந்து, கீழே இருப்பவர்களுக்கு இன்னும் உவரான நீராகப் போகிறது. இன்னொரு பகுதி 1960களிலிருந்து சரிகமிஷ் பள்ளத்தில் தேங்கி ஒரு பெரிய ஏரியே உருவாகிவிட்டது. போக்கிடம் இல்லாத ஏரி, ஆண்டுக்கு ஆண்டு உப்பேறும் ஏரி. ஆரல் கதையின் இரண்டாம் பிரதி என்று சொன்னால் மிகையில்லை.

கேள்வி: ஆரலுக்குத் தெற்கே, உஸ்பெகிஸ்தானின் கரகல்பக்ஸ்தானில் குடிநீர் உவர்ப்பு என்று படித்தேன். கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது, கூடும். கொதிக்கும்போது நீர் மட்டும் ஆவியாகிறது. ஒரு லிட்டர் முக்கால் லிட்டராக வற்றினால் உப்பின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். கொதிநீர் கிருமிக்கு, குளோரினும் கிருமிக்கு. துணி, மணல் வடிகட்டி கலங்கலுக்கு. கரைந்த உப்புக்கு எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரம் அல்லது காய்ச்சி வடித்தல்தான். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் தாண்டினால் வாய்க்கு உவர்ப்பு நன்றாகவே தெரியும். ஊர் அளவில் இயந்திரம் வைப்பவர்கள் மறக்கும் விஷயம் கழிவு உவர்நீர்: அதை ஊர் வாய்க்காலிலேயே கொட்டினால் அடுத்த கிணறு கெடும்.

கேள்வி: காய்ந்த தரையில் சக்சவுல் என்ற பாலைவனப் புதர்ச்செடி நடுகிறார்களே, பிழைக்கிறதா?

மண்ணைப் பொறுத்தது. லேசான மணல் தரையில் பிழைக்கிறது. உப்புப் பொருக்கு மூடிய களிமண்ணில் நாற்று முதல் கோடையைத் தாண்டுவது கடினம். அதனால் முதலில் சால் ஓட்டி, காற்று கொண்டுவரும் மணல் அதில் சேரும்வரை விட்டுவைத்து, அந்த மணலில் விதைப்பது நல்லது. கோரை, நாணல் கட்டுகளை வரிசையாக நட்டும் மணலைப் பிடிக்கலாம். விதை குளிர்காலத்தில், பனி ஈரம் கிடைக்கும்படி போக வேண்டும். பழைய விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். விமானத்திலிருந்து தூவினால் பரப்பு கணக்கில் அழகாகத் தெரியும். மூன்றாம் ஆண்டு எத்தனை செடி நிற்கிறது என்று எண்ணுவதுதான் கணக்கு.

கேள்வி: கஜகஸ்தானின் பல்காஷ் ஏரி அடுத்த ஆரலா?

இன்னும் இல்லை, ஆனால் அமைப்பு அதேதான். சராசரி ஆழம் 6 மீட்டருக்கும் குறைவு, வெளியேறும் ஆறு இல்லை, வரும் நீரில் பெரும்பங்கு சீனாவில் பிறக்கும் இலி ஆற்றினுடையது. அந்த ஆறு மேற்கு முனையில் கலப்பதால் மேற்குப் பாதி நன்னீர், ஒடுங்கிய ஜலசந்திக்கு அப்பால் கிழக்குப் பாதி உவர்நீர். 1970இல் இலி ஆற்றின் கப்சகாய் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கியதும் ஏரி மட்டம் இறங்கியது. நிரப்பும் அளவைக் குறைத்தபின் சமாளித்தது. இலியில் நீர் எடுக்கும் சீனாவும் கஜகஸ்தானும் எவ்வளவு எடுக்கின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கேள்வி: ஆரலின் தென்கரையில் இருந்த மொய்னாக் துறைமுகத்துக்குக் கடல் திரும்புமா?

திரும்பாது. கரை இப்போது 100 கி.மீ.க்கு அப்பால்.