அப்பாவிடம் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 73 வயது. விசைப்படகில் நாற்பது ஆண்டுகள் தொழில் பார்த்தவர். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் மருத்துவர்கள் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். அப்பாவிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அண்ணன் அன்றே எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாக அப்படியே நடித்து வருகிறோம்.

சென்ற வாரம் அப்பா பழைய வலையைக் கொண்டுவரச் சொன்னார். கட்டிலில் சாய்ந்தபடி, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே, "படகுக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார். "தடைக்காலம் முடியட்டும், நீங்களே கரைக்கு வந்து கணக்குப் பாருங்கள்" என்று அண்ணன் சிரித்தார். அப்பா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு வலையைத் தொடவே இல்லை.

கோயில் பங்குச் சாமியாரை அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார். சாமியார் வந்தால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று அண்ணன் தடுக்கிறார். இரவில் அப்பா வலியால் முனகுகிறார். மார்ஃபின் மாத்திரை தந்திருக்கிறார்கள், பழக்கமாகிவிடுமோ என்று பயந்து பாதிதான் கொடுக்கிறோம். சாப்பாடும் இறங்கவில்லை; கஞ்சியை வற்புறுத்தி ஊட்டினால் இருமுகிறார். நாங்கள் செய்வது சரிதானா?

ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவுக்குத் தெரியாது என்று வீட்டில் யாராவது நம்புகிறார்கள் என்றால் அது அண்ணன் ஒருவராகத்தான் இருக்கும். அவர்கூட உண்மையில் நம்புகிறாரா என்பது எனக்கு ஐயமே. வயிற்றுப்புண் உள்ள எவரும் படகுக் கடனை இவ்வளவு அக்கறையாக விசாரிப்பதில்லை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தபோது உங்கள் அப்பா விவரம் தெரிந்த சிறுவர். அதற்குப் பிறகும் கடலை விடாதவர். கச்சான் காற்று எப்போது மாறும் என்று உடம்பாலேயே அறிந்தவருக்குத் தம் உடம்புக்குள் நடப்பது மட்டும் தெரியாமல் இருக்குமா? நீங்கள் அவருக்காக மறைக்கிறீர்கள், அவர் உங்களுக்காகத் தெரியாதவர்போல் இருக்கிறார். கடனைப் பற்றிக் கேட்டது, அந்த மௌனத்திலிருந்து வெளியே வர அவர் எடுத்த முயற்சி. அண்ணனின் சிரிப்பு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, அதை மூடிவிட்டது.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1960களில் சிகாகோவில் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை நேரில் சந்தித்துப் பேசினார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று அவர் சொன்ன ஐந்து நிலைகள்தாம் ஊரெங்கும் பரவின. இப்போது எங்கள் அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு, மனிதர்கள் அப்படி வரிசையாகப் படி ஏறுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்பதற்கு ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பேசினார்கள் என்பதுதான்.

ஆகவே நோயின் பெயரைப் போய் அறிவிக்காதீர்கள், கேளுங்கள். "உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவர் பேச்சை மாற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். "நான் பிழைப்பேனா?" என்று அவரே கேட்டால் மட்டும், குணமாக்க மருந்து இல்லை என்றார்கள், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், கூடவே இருப்போம் என்று சொல்லுங்கள். அண்ணன் இதைச் செய்ய மாட்டார் என்றால், கடன் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கையாவது சொல்லட்டும்.

நோயில்பூசுதலைப் பொறுத்தவரை, முன்பு அதைச் சாகும் தறுவாயில் கொடுப்பதாக எண்ணி அவஸ்தைப்பூசுதல் என்றே அழைத்ததால்தான் அண்ணனுக்கு இந்தப் பயம். 1960களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, கடும் நோயுற்றவர் எவருக்கும் கொடுக்கலாம் என்றும், கடைசி மூச்சுவரை காத்திருக்க வேண்டாம் என்றும் திருச்சபையே தெளிவாக்கிவிட்டது. சாமியார் வர வேண்டுமா என்பதை அப்பாவிடமே கேளுங்கள்; அம்மா கேட்டால் இன்னும் நல்லது.

மாத்திரையைப் பாதியாக்குவதை இன்றே நிறுத்துங்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலிக்காகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஒருவரைப் போதைக்கு அடிமையாக்குவது மிக அரிது. சாதாரண வாய்வழி மார்ஃபினைப் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவார்கள். நேரம் தவறினால் வலி முந்திக்கொள்ளும், பிறகு அதை அடக்குவது கடினம். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்குரிய மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

அவர் சாப்பிடாததால் நோய் முற்றவில்லை. நோய் முற்றியதால்தான் பசி எடுக்கவில்லை. இருமும்போது ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் விரும்பிக் கேட்டால் இரண்டு கரண்டி கொடுங்கள். வேண்டாம் என்றால், நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினால் போதும். இதை அம்மாவிடம் விடுங்கள்; ஊட்ட முடியாத அவருடைய கைகளுக்கு ஒரு வேலை வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சேவை தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். செவிலியர் வரும் நாளில் அண்ணனையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், மாத்திரையை முழுதாகக் கொடுங்கள் என்பதைத் தங்கை வாயால் கேட்பதைவிடச் செவிலியர் வாயால் கேட்பது அவருக்கு எளிதாக இருக்கும்.