விசுக்கனி, கைநீட்டம், வருஷ இலக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொன்றைப்பூவை முதல்நாளே வாங்கி வைத்தால் விடிவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. சித்திரை முதல்நாள் விசுவன்று, கண்ணை மூடி வந்து முதலில் விழித்துப் பார்க்கும் கனி வைப்பதில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, தக்கலை)

பதில்: முழுக்க விரிந்த கொத்தாகப் பார்த்து வாங்குகிறீர்கள், அதனால்தான் உதிர்கிறது. கொன்றை காம்புப் பக்கமிருந்து நுனிக்கு விரியும். மேலே விரிந்து, தொங்கும் நுனி பாதி மொட்டாக இருக்கும் கொத்தை எடுங்கள். காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீர்ச் செம்பில் நிறுத்தி, காற்றுப் படாத மூலையில் வையுங்கள். பூவின்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். இதழ் ஒட்டிக் கறுக்கும். கோடை மழை முந்திப் பெய்து மரம் மொட்டையானால் ஒரே ஒரு கொத்து போதும். பிளாஸ்டிக் கொன்றையை விளக்கருகே கொண்டுபோகவே வேண்டாம்.

உருளியில் (அகன்ற வெண்கலப் பாத்திரம்) முதலில் பச்சரிசி பரப்புங்கள். அதன்மேல் வைத்தால் பழம் உருளாது. கனிவெள்ளரி, தேங்காய், சக்கை (பலாப்பழம்) பின்னால்; காம்போடு மாங்காய், மட்டிப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, நாணயம், நகை, கோடி வேட்டி முன்னால். சக்கையை வெட்டி வைப்பதானால் வெட்டுவாயில் தேங்காயெண்ணெய் தடவி, அடியில் வாழையிலை போடுங்கள். இல்லாவிட்டால் பால் வடிந்து புது வேட்டி கறையாகும். பூ கடைசியில்.

பலரும் தவறுவது கண்ணாடியில். விளக்கை அதற்கு நேர் முன்னால் வைத்தால் சுடர்தான் கண்ணைக் கூசும், முகம் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து, ராத்திரியே குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். தன் முகம் தெரியாத கனி பாதிக் கனிதான். கண்ணை மூடி வருகிறவர்கள் இடறாதபடி நடைவழியில் கிடக்கும் குடம், ஸ்டூல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வருஷா வருஷம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இலக்கு எழுதுகிறோம். ஆனி மாதத்துக்குள் மறந்துபோகிறது. (வாசகர், குளச்சல்)

பதில்: ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு எழுதியிருப்பீர்கள். அதிலும் பாதி, பிள்ளைக்காக அப்பா எழுதியதாக இருக்கும். ஆளுக்கு இரண்டு, குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்று என்று வையுங்கள். ஒருவருக்கு இன்னொருவர் எழுதக் கூடாது. ‘நன்றாகப் படிப்பேன்’ என்பதெல்லாம் இலக்கே இல்லை. முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்ல முடிய வேண்டும்: தாத்தாவிடம் ஓலைப்பந்து முடையப் படிப்பது, அப்பா யார் துணையுமில்லாமல் ஒரு அவியல் வைப்பது, அதிகாரத்துக்கு ஒரு குறள் மனப்பாடம் செய்வது. மொத்தம் 133 குறள், வாரம் மூன்று என்றால் 45 வாரத்தில் முடியும்; பரீட்சைக் காலத்துக்கும் இடம் மிஞ்சும்.

குடும்ப இலக்கு சீக்கிரம் கைகூடுவதாக இருக்கட்டும். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போகலாம். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். அஸ்தமனம் ஆறரை மணி வாக்கில். ஐந்தரைக்கே இடம் பிடியுங்கள். மேகம் மறைத்தாலும் போனதைக் கணக்கில் சேர்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை என்று எழுதினால் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் எழுதிவையுங்கள்.

சீட்டுகளை மடித்து, கனியில் வைக்கும் ஏட்டுக்குள் செருகுங்கள். ஓணத்தன்று ஒருமுறை, பொங்கலன்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முடிக்காதவருக்குத் தண்டனை, அடுத்த விசுவுக்கு உருளியைப் புளி போட்டுத் தேய்ப்பது. பணப்பரிசு மட்டும் வேண்டாம். பிள்ளைகள் எளிதான இலக்காகத் தேட ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எங்களுக்கு விசு ஒருநாள், திருவனந்தபுரத்து அத்தை வீட்டில் மறுநாள். சில வருஷம் இப்படி ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சூரியன் மேஷத்தில் நுழையும் நேரத்தை வைத்து வரும் வித்தியாசம். சூரிய அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே மாதப்பிறப்பு என்பது தமிழ்ப் பஞ்சாங்கம். கேரளக் கணக்கில் பகல் 18 நாழிகைக்குள், அதாவது ஏறக்குறைய பகல் 1.12 மணிக்குள், நுழைய வேண்டும், தாண்டினால் மறுநாள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நுழைகிற வருஷங்களில்தான் இந்தப் பிரிவு. பிள்ளைகளுக்கு இரண்டு நாளும் கைநீட்டம் (பெரியவர்கள் தரும் விசுக் காசு), அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சக்கப் பிரதமன் (பலாப்பழப் பாயசம்) திரிந்துபோகிறது. (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: தலைப்பாலை, அதாவது முதலில் பிழிந்த தேங்காய்ப்பாலை, கொதிக்க விட்டிருப்பீர்கள். அரைக்கிலோ சுளைக்கு 400 கிராம் வெல்லம், இரண்டு தேங்காய். சுளையை வேகவைத்து மசித்து, வடிகட்டிய பாகில் நெய்விட்டுச் சுருளக் கிண்டுங்கள். மூன்று கப் இரண்டாம் பாலை ஊற்றிக் குறுக்குங்கள். பிறகு அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் ஒரு கப் தலைப்பாலும் சுக்குப்பொடியும். அதன்பின் சூடுபடுத்துவதானால் சிறுதீயில், கிளறிக்கொண்டே.

கேள்வி: கைநீட்டம் எவ்வளவு கொடுக்கலாம்? (வாசகர், குழித்துறை)

பதில்: உங்கள் வசதிப்படி, ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே தொகை. வீட்டில் மூத்தவர் முதலில் கொடுக்கட்டும். புது நோட்டு வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே வங்கியில் கேட்டு வையுங்கள்.