அப்பாவின் மூளையை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, ராணுவத்தில் இருந்தவர். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனபோது பக்கத்திலேயே கண்ணிவெடி வெடித்து மயங்கி விழுந்திருக்கிறார். நாலைந்து வருடமாக மறதி, திடீர்க் கோபம், நடையில் தள்ளாட்டம். "நான் போனதும் என் மூளையை எடுத்துப் பார்க்கச் சொல்லும்மா, மத்த சிப்பாய்ங்களுக்காவது உதவும்" என்கிறார். முகம் சிதைந்துவிடும், உடம்பும் திரும்பக் கிடைக்காது என்று சித்தப்பா தடுக்கிறார். ஸ்டான்லியில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

பதில்: உங்கள் அப்பா கேட்பது நியாயமான, மிக அவசியமான விஷயம். ஆனால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குத் தரும் உடல் தானம் வேறு, இது வேறு. அங்கே உடலைப் பதப்படுத்தி மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். மூளை வங்கி மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை வீட்டாரிடமே ஒப்படைக்கும். மூளை எடுத்த உடலை உடற்கூறியல் துறைகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதால் இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். கண் தானத்துக்கு இது தடையில்லை. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும்.

சித்தப்பாவின் பயத்துக்கு நேரடியான பதில் உண்டு. ஒரு காதின் பின்புறத்தில் தொடங்கி, உச்சந்தலை வழியாக மறு காது வரை தோலைக் கீறி, மண்டையோட்டைத் திறந்து மூளையை எடுத்தபின் தைத்துவிடுவார்கள். முகத்தில் கத்தி படாது. தலைமாட்டில் நின்று பார்ப்பவருக்குக்கூடச் சட்டென்று தெரியாது. மூலக்கொத்தளம் மயானத்தில் செய்யும் சடங்கு எதுவும் மாறாது. அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது கையெழுத்திட்டிருந்தாலும், இறந்த பிறகு குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுபோகும்.

இந்தியாவில் இதற்கென 1995 முதல் இயங்குவது பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மூளைத் திசு வங்கி. நம் ஊரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் முழு மனித மூளைகளை மெல்லிய சீவல்களாக்கிச் செல் அளவில் படமெடுக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே அரசு வங்கி இருக்கிறது; 1990-91 வளைகுடாப் போருக்குப் போய்வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு வந்த தீராச் சோர்வு, மூட்டுவலி, மறதிக்கான காரணத்தை அங்கே தேடுகிறார்கள். அது அந்நாட்டு வீரர்களுக்கானது.

குண்டுவெடிப்பு அதிர்வு என்ன செய்கிறது என்பதற்கும் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்துதான் தடயம் கிடைத்தது. வெடிப்புக்கு ஆளான ராணுவத்தினரின் மூளையில் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையில் தனிவகைத் தழும்புகள் இருப்பதை அமெரிக்க மூளை நோய்க்கூறியல் நிபுணர் டேனியல் பெர்லின் குழு 2016-ல் வெளியிட்டது. வழக்கமான எம்ஆர்ஐ-யில் அவை தெரியாது. உங்கள் அப்பாவின் மறதிக்கு அந்த வெடிதான் காரணமா, அல்சைமரா, பார்கின்சன் வகை நோயா, இவற்றில் சில கலந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கிப் பரிசோதனைதான் வழி.

நேரம்தான் பெரிய சவால். இறந்து 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வழக்கமாக ஒரு பாதியை ஃபார்மலினில் போட்டு, மறு பாதியை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். மரபணு, புரதச் சோதனைகளுக்கு உறைந்த பாதிதான் உயிர்நாடி. அதனால் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங் செய்யவே கூடாது. ஃப்ரீசர் பாக்ஸில் வைக்கலாம், ஆனால் குளிர்ந்திருந்தால் போதும், உறைந்துவிடக் கூடாது. மெல்ல உறைந்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். வெளியூர்ச் சொந்தங்கள் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதையும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி நாட்களில் வெகுநாள் வென்டிலேட்டரில் கிடந்தால் மூளைத் திசு குழைந்துபோகும். அந்தக் கட்டம் வந்தால் டாக்டரிடம் இதையும் பேச வேண்டும்.

நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்துவது வேறொன்று. வரலாறு இல்லாமல் வரும் மூளை பாதிப் பயன்தான் தரும். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும் நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்: வெடி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் மயக்கம், காதில் ரத்தம் வந்ததா, அதன்பின் தலைவலி, தூக்கமின்மை, கெட்ட கனவுகள் எப்போது தொடங்கின. முதல் மறதியை அம்மா எப்போது கவனித்தார் என்பதையும் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள்கள், ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் சீட்டுகள், ஸ்கேன்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே ஃபைலில் போடுங்கள். மறதி முற்றிவிட்டால் அப்பாவின் சம்மதத்துக்கு மதிப்பு குறையும். அவர் விருப்பத்தை இந்த மாதமே அவர் வாயாலேயே சொல்லச் செய்து, இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்குங்கள்.

அதோடு நிம்ஹான்ஸுக்கும் ஐஐடி மையத்துக்கும் எழுதுங்கள். சென்னையிலிருந்து ஏற்பார்களா, மூளையை எங்கே யார் எடுப்பார்கள், வண்டிச் செலவு யாருடையது, நள்ளிரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது, பரிசோதனை முடிவைக் குடும்பத்துக்குத் தருவார்களா என்று கேளுங்கள். பதில் வந்ததும் அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்; வீட்டில் மரணம் நேர்ந்தால் சான்று எழுத முதலில் வரப்போவது அவர்தான். அம்மாவுக்கு விருப்பமிருந்தால் அவரும் பதியலாம். நோயில்லாத மூளை பக்கத்தில் இருந்தால்தான் நோயுற்ற மூளையில் எது மாறியது என்று ஒப்பிட முடியும். அப்படிப்பட்டவை வங்கிகளுக்கு எப்போதும் தேவைப்படுகின்றன.